கல்லை மாற்றலாம், தேதியை மறைக்கலாமா?

இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு புகைப்படம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் சாலமங்கா என்ற ஊரின் கதீட்ரல். வாசல் ஓரத்தில் கொடியும் இலையுமாகச் செதுக்கிய கல் வேலைப்பாடு. அதற்கு நடுவே ஒரு விண்வெளி வீரர்! தலையில் ஹெல்மெட், காலில் தடித்த பூட்ஸ், உடம்பைச் சுற்றிக் குழாய். "வேற்றுக்கிரகவாசிகள் அந்தக் காலத்திலேயே பூமிக்கு வந்து போனதற்கு இதோ ஆதாரம்" என்ற விளக்கத்தோடு இந்தப் படம் யாராவது ஒருவருக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கும்.

உண்மை வேறு. அந்தக் கதீட்ரலின் கட்டுமானம் 1513-ல் தொடங்கி 1733-ல் முடிந்தது. விண்வெளி வீரர் அங்கே குடியேறியது 1992-ல். பழுதான வாசலைச் சீரமைத்தவர்கள், "இந்த வேலை எங்கள் காலத்தில் நடந்தது" என்று காட்டுவதற்காகத் தங்கள் நூற்றாண்டின் அடையாளம் ஒன்றைச் செதுக்கி வைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். வேற்றுக்கிரகவாசி யாரும் சம்பந்தப்படவில்லை :-)

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். ஆனால் இந்தக் குட்டி உருவம் பெரிய கேள்வி ஒன்றைக் கிளப்புகிறது. எழுநூறு, எண்ணூறு வருடம் பழமையான ஒரு சர்ச்சில் கல் உதிர்ந்தால் என்ன செய்வது? பழசைப் போலவே அச்சு அசலாகப் புதுக்கல் வைப்பதா? புதுசு என்று தெரியும்படி வைப்பதா? அல்லது தொடாமல் விட்டுவிடுவதா? ஐரோப்பாவில் இந்தச் சண்டை இருநூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. கல்லை மாற்றுவது குற்றமே இல்லை. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கல்லுக்கு என்ன வியாதி?

கல்மேல் எழுத்து என்றால் அழியாதது என்று அர்த்தம். ஆனால் எல்லாக் கல்லும் கருங்கல் இல்லையே! இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் இடைக்காலச் சர்ச்சுகளைப் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும்தான் கட்டினார்கள். இவை உளிக்கு இணங்கும். துணியின் மடிப்பு, தாடியின் சுருள், இலையின் நரம்பு என்று எதையும் செதுக்கலாம். பிற்பாடு அந்த மென்மையே எமனாகிறது. வியாதிகள் நான்கு:

1. புகை. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் மழையோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லைத் தாக்கும். கல்லின் மேல்தோல் ஜிப்சமாக மாறிக் கறுப்பாகப் படியும். சில வருடங்களில் அந்தத் தோல் செதுக்கிய முகத்தையும் சேர்த்துக்கொண்டு உரிந்து விழும். தொழிற்புரட்சிக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்களின் சிலைகள் வேகமாக மொட்டையானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. இரும்பு. கல்லைக் கல்லோடு பிணைக்க உள்ளே இரும்புக் கொக்கிகள் வைப்பார்கள். துருப்பிடித்தால் இரும்பு உப்பும். உப்பினால் கல் பிளக்கும்.

3. அடுக்கு. படிவுக்கல் என்பது பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உருவானது. பூமியில் கிடந்த வாக்கிலேயே சுவரில் வைத்தால் பல நூற்றாண்டு நிற்கும். நிமிர்த்தி வைத்துவிட்டால் இதழ் இதழாகக் கழன்று வரும்.

4. வைத்தியம். இதுதான் பெரிய கொடுமை. பழைய கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. சுவருக்குள் போகும் ஈரம் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறும். 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் நல்லது செய்வதாக நினைத்து இடுக்குகளில் சிமென்டை அடைத்தார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் வேறு வழியில்லாமல் கல் வழியாக வெளியேறும், குளிர்காலத்தில் உறையும், கல் பொடிப்பொடியாகும். சிமென்ட் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஆக, கல் மாற்றுவது தவிர்க்க முடியாதது. 2009-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி கதீட்ரலில் தெற்குப் பக்கப் பெரிய ஜன்னலின் கல் சட்டகத்திலிருந்து ஒரு துண்டு கழன்று விழுந்தது. பிறகு அந்தச் சட்டகத்தையே பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. வேலை முடிய 2016 ஆகிவிட்டது. கீழே மனிதர்கள் நடமாடும் இடத்தில் "பழமை, தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கேள்வி எப்படி மாற்றுவது என்பதுதான்.

அழகுபடுத்துகிறேன் பேர்வழி

எப்படி மாற்றக் கூடாது என்பதற்கு இங்கிலாந்தில் பாடங்கள் ஏராளம். வட இங்கிலாந்தில் டர்ஹாம் கதீட்ரல் 1093-ல் தொடங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் வெளிச்சுவர் அரித்துப்போயிருக்கிறது என்று சொல்லி, மேற்பரப்பைச் சில அங்குல ஆழத்துக்கு உளியால் சீவித் தள்ளினார்கள். சுவர் சமமாகிவிட்டது. ஆனால் அந்தச் சில அங்குலத்தில் என்ன இருந்தது? எழுநூறு வருடத்துக்கு முந்தைய கல்தச்சர்களின் உளித்தடம், அவர்கள் கொடுத்த விளிம்பு, ஆழம், நிழல். எல்லாம் தூசியாகப் போயிற்று. திரும்ப வரவே வராது.

இன்னொன்று லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ். அங்கே 1880-களில் நடந்ததை ஒரு சினிமாவாகவே எடுக்கலாம். எட்மண்ட் பெக்கெட் என்ற வழக்கறிஞர். பிற்பாடு பிரபு பட்டம் பெற்று லார்ட் கிரிம்தார்ப் ஆனார். லண்டன் பிக் பென் கடிகாரத்தின் இயந்திரத்தை வடிவமைத்தவர் இவர்தான். கையில் காசு நிறைய. பிறர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் கிடையாது. இடிந்துகொண்டிருந்த சர்ச்சைத் தன் சொந்தச் செலவில் சீரமைத்துத் தருகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். ஆனால் தன் இஷ்டப்படி! இடைக்கால மேற்கு முகப்பு போய், அவரே வரைந்த முகப்பு வந்தது. அந்த வாசலில் புனித மத்தேயுவின் சிலை ஒன்று இருக்கிறது. முகம் யாருடையது தெரியுமா? கிரிம்தார்ப் பிரபுவுடையது!

பெரும் செலவு செய்து ஒரு பழைய கட்டடத்தைக் கெடுப்பதற்கு ஆங்கிலத்தில் இவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. இப்படி ஒரு புகழ் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் பணம் போடாமல் இருந்திருந்தால் அந்தச் சர்ச்சின் சில பகுதிகள் இன்று நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். காப்பாற்றியவரும் அவரே, கெடுத்தவரும் அவரே. இந்தத் துறையில் வில்லன்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தன்னடக்கம்தான் இல்லை.

பாரிஸின் பொய் முகங்கள்

பாரிஸ் நோத்ர தாம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது என்ன? கோபுர மாடத்தின் கைப்பிடிச் சுவரில் முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு நகரத்தைப் பார்க்கும் கொம்பு முளைத்த பூதம். போஸ்ட் கார்டிலும் சாவிக்கொத்திலும் அதுதான். இடைக்காலத்தின் இருட்டுக்கே அடையாளமாகச் சொல்லப்படும் உருவம்.

அது இடைக்காலத்தது அல்ல! மேல்மாடத்தில் இருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அந்த விசித்திர மிருகங்கள் எல்லாமே 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் வரைந்து கொடுத்துச் செதுக்கப்பட்டவை. 1844-ல் லாஸ்யூ என்ற இன்னொரு கலைஞரோடு சேர்ந்து அவர் இந்தச் சர்ச்சைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். இருபது வருடம் வேலை நடந்தது. 1996-ல் வந்த டிஸ்னி படத்தில் 1482-ஆம் வருடக் கதையில் இந்தச் சாயலில் உள்ள கல் மிருகங்கள் பேசுகின்றன, பாடுகின்றன. கதைப்படி அவை பிறக்க இன்னும் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது!

வியோலே-லெ-டுக் சாதாரண ஆள் இல்லை. இடைக்காலக் கட்டுமானத்தை அவர் அளவுக்குப் படித்தவர்கள் அன்று மிகக் குறைவு. ஆனால் அவருடைய கொள்கை ஆபத்தானது. சீரமைப்பு என்றால் கட்டடத்தை ஒரு முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது. அந்த நிலை கடந்த காலத்தில் எப்போதுமே இல்லாததாகக்கூட இருக்கலாம் என்று அவரே எழுதினார். எப்போதுமே இல்லாத ஒன்றை எப்படி "மீண்டும்" கொண்டுவர முடியும்?

அதே சர்ச்சில் நடந்த இன்னொரு கதை இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம். மேற்கு முகப்பில் வரிசையாக 28 அரசர் சிலைகள். பைபிளில் வரும் யூதேயா நாட்டு அரசர்கள் என்று பொதுவாகக் கருதப்படுபவர்கள். 1793-ல் புரட்சிக்காரர்கள் இவர்களைப் பிரான்ஸ் அரசர்கள் என்று நினைத்துத் தலைகளை வெட்டி எறிந்தார்கள். வியோலே-லெ-டுக் காலத்தில் அந்த இடத்தில் புதிய அரசர்கள் வைக்கப்பட்டார்கள். அசல் எப்படி இருந்தது என்று பார்க்க வழி இல்லாததால், மற்ற ஊர்களின் சிலைகளைப் பார்த்தும் ஊகித்தும் செய்தவை அவை.

1977-ல் பாரிஸின் ஒரு கட்டடத்தில் வேலைக்காகத் தோண்டியபோது 21 அசல் தலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன! இன்று குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூக்கு உடைந்திருக்கிறது, கன்னம் சிதைந்திருக்கிறது. ஆனால் சிலவற்றில் பழைய வண்ணத்தின் தடயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது அந்த அரசர்கள் வெறும் கல் நிறத்தில் நிற்கவில்லை. வண்ணம் பூசிக்கொண்டு நின்றார்கள். முகப்பில் இன்று நிற்கும் மாற்று அரசர்களோ வெறும் கல் நிறத்தில்தான் இருக்கிறார்கள். எத்தனை திறமையாக ஊகித்தாலும் ஊகம் ஊகம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தொடாதே என்றவர்கள்

இதற்கு நேர் எதிர் அணியின் தலைவர் ஜான் ரஸ்கின். 1849-ல் வந்த தன் புத்தகத்தில், சீரமைப்பு என்பதே ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு பொய் என்று எழுதினார். இறந்தவரை எழுப்ப முடியாதது போல, போன சிற்பியின் கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவர் வாதம்.

அவருடைய வழியில் வந்தவர் வில்லியம் மோரிஸ். ட்யூக்ஸ்பெரி என்ற ஊரின் பழைய மடாலயச் சர்ச்சைச் "சீரமைக்க"ப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1877 மார்ச்சில் ஒரு பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். அதே மாதம் பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சுரண்டுவதை எதிர்க்கும் சங்கம் என்பது அதன் செல்லப் பெயர். சங்கம் இன்றும் இருக்கிறது.

இவர்கள் சொன்னதில் தங்கமான அறிவுரை ஒன்று உண்டு: தினமும் கவனித்துக்கொண்டால் சீரமைப்பே தேவைப்படாது. கூரையில் ஈயத் தகடு கிழிந்தால் அன்றே ஒட்டு. வடிகாலில் இலை அடைத்தால் எடுத்துப் போடு. ஒரு கூடை சருகை அள்ளாமல் விட்டதற்காகப் பிற்பாடு ஒரு சுவரையே மாற்ற வேண்டி வரும். கேட்க சப்பென்று இருக்கும். ஆனால் கல் கட்டடத்தைப் பொறுத்தவரை இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

அந்தச் சங்கத்துக்காரர்கள் பழகிய ஒரு முறையும் சுவாரஸ்யமானது. அரித்துப்போன கல்லில் அதே மாதிரிக் கல்லை வைத்து ஒட்டுப்போடாமல், மெல்லிய சுட்ட மண் ஓடுகளை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துவிடுவார்கள். கிழிந்த சட்டைக்கு வேறு நிறத் துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பார்த்தவுடனே தெரியும், இது பிற்கால ஒட்டு என்று. அழகா என்றால் அது பார்ப்பவரைப் பொறுத்தது. நேர்மையா என்றால், சந்தேகமே இல்லை.

ஆனால் ரஸ்கின் சொன்னதை முழுசாக ஏற்க முடியுமா? கட்டடத்துக்கும் ஒரு நாள் சாவு வரும், வரட்டும் என்கிற அளவுக்கு அவர் போனார். அது கவிஞர்களுக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜெபத்துக்கு வரும் மக்களுக்குச் சரிப்படாது. சர்ச் ஒரு அருங்காட்சியகப் பொருள் இல்லை, புழங்கும் இடம்.

பேரேடு சொல்லும் பாடம்

இரண்டு பேரும் தவறு என்றால் எதுதான் சரி? பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். எந்த பி.காம். மாணவரும் முதல் வருடத்திலேயே படிக்கும் விஷயம் போதும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு தப்பாகிவிட்டால் என்ன செய்வார்கள்? ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. மேலே வெள்ளை மை பூசக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. பழைய பதிவை அப்படியே விட்டு, தேதி போட்டு, விவரம் எழுதி, ஒரு திருத்தப் பதிவு போட வேண்டும். அப்போதுதான் நாளைக்குத் தணிக்கைக்கு வருபவர் என்ன நடந்தது என்று பின்தொடர முடியும். திருத்தம் செய்வது மோசடி ஆகாது; திருத்தியதன் தடத்தை அழிப்பதுதான் மோசடி.

பழைய சர்ச் ஒரு பேரேடுதான். 12-ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதினார், 14-ல் இன்னொருவர், 19-ல் வேறொருவர். இன்று எழுதுபவரும் எழுதலாம். தேதி போட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இதையே 1964-ல் கட்டடப் பாதுகாப்பு நிபுணர்கள் வெனிஸில் கூடி ஒரு சாசனமாக எழுதினார்கள். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நிற்க வேண்டும். காணாமல் போனதற்குப் பதிலாக வைப்பது மொத்தத் தோற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக முடியுமா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் வெல்ஸ் கதீட்ரல் பதில் சொல்கிறது.

வெல்ஸின் மேற்கு முகப்பு 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களின் ஒரு பெரிய சுவர். ஏறக்குறைய முந்நூறு இடைக்கால உருவங்கள் இன்னும் அதில் இருக்கின்றன. 1974 முதல் 1986 வரை அங்கே பாதுகாப்பு வேலை நடந்தது. ராபர்ட் பேக்கர் என்பவர் வளர்த்த சுண்ணாம்பு வைத்திய முறையைப் பயன்படுத்தினார்கள். சிலையின் மேல் சுண்ணாம்பைக் கனமாக அப்பி ஈரம் காயாமல் வைத்திருந்து அழுக்கை இளக்கி எடுப்பது. வெடிப்புகளில் சுண்ணாம்புச் சாந்து அடைப்பது. கடைசியில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் போர்வை மாதிரிப் போர்த்துவது. மழை வந்தால் முதலில் அந்தப் பூச்சு கரையும், சிலை தப்பிக்கும். பூச்சை மறுபடி போட்டுக்கொள்ளலாம். சிலையை மறுபடி போட முடியாதே!

முகப்பின் உச்சியில் இருந்த இயேசு சிலை மட்டும் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் டேவிட் வின் என்ற 20-ஆம் நூற்றாண்டுச் சிற்பி செதுக்கிய புதிய சிலையை 1985-ல் வைத்தார்கள். இடைக்காலச் சிலைபோல் நடிக்காத சிலை. ஆனால் முகப்போடு சண்டையும் போடவில்லை.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் இன்னொரு வழியைக் காட்டுகிறது. தெற்கு வாசலில் இரண்டு பெண் சிலைகள் புகழ்பெற்றவை. ஒன்று கிறிஸ்தவ சபையின் உருவகம், மற்றது கண் கட்டப்பட்ட யூத ஜெபாலயத்தின் உருவகம். 1230 வாக்கில் செதுக்கப்பட்டவை. அசல்கள் இப்போது பக்கத்திலேயே ஒரு அருங்காட்சியகத்தில் மழை படாமல் இருக்கின்றன. வாசலில் நிற்பவை நகல்கள். நகல் என்று சொல்லியே வைத்திருக்கிறார்கள். அசலைப் பார்க்க வேண்டுமா, சில நிமிடம் நடந்தால் போதும். ஒளிவுமறைவு இல்லை.

கொலோன் கோபுரத்தின் செங்கல் காயம்

எல்லா வழக்கும் இவ்வளவு எளிது இல்லை. ஜெர்மனியின் கொலோன் கதீட்ரலை எடுத்துக்கொள்ளலாம். 1248-ல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டில் பாதியில் நின்று, 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடிந்த கட்டடம் அது. பாதிக்கு மேல் 19-ஆம் நூற்றாண்டு என்றாலும் இங்கே ஊகம் குறைவு. இடைக்காலத்தில் முகப்புக்காக வரைந்த பெரிய வரைபடம் இரண்டு துண்டுகளாகக் கிடைத்தது. ஒன்று டார்ம்ஸ்டாட்டில், மற்றது பாரிஸில். அதைப் பார்த்தே கோபுரங்களைக் கட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை: 19-ஆம் நூற்றாண்டு வேலைக்குப் பயன்படுத்திய ஷ்லைட்டார்ஃப் மணற்கல் நகரத்துப் புகையில் மோசமாக அரித்தது. பழசைவிடப் புதுசு சீக்கிரம் கெட்டது!

1943-ல் வடக்குக் கோபுரத்தின் அடிப்பகுதியில் குண்டு விழுந்து பெரிய ஓட்டை. கோபுரம் சாய்ந்துவிடக் கூடாது என்று அவசர அவசரமாகச் செங்கல்லை வைத்து அடைத்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தச் செங்கல் அடைப்பு பல பத்தாண்டுகள் அப்படியே வெளியில் தெரிந்தது. கறுத்த கல்லுக்கு நடுவே சிவப்பாக ஒரு காயம். ஊர்க்காரர்கள் பலருக்கு அது போரின் நினைவுச் சின்னமாகவே ஆகிவிட்டது. கடைசியில் 1990-களில் தொடங்கி 2005-க்குள் அதன் மேல் இயற்கைக் கல் பதித்துப் பழைய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். செங்கல் உள்ளேதான் இருக்கிறது. பார்வைக்குத்தான் இல்லை.

இது சரியா? ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. கோபுரத்தின் வடிவம் ஆவணங்களில் தெளிவாக இருந்தது, எதையும் ஊகிக்கவில்லை. செங்கல் அடைப்பு யாரும் திட்டமிட்டு வடிவமைத்தது அல்ல, முதலுதவிக் கட்டு. காயம் ஆறினால் கட்டை அவிழ்ப்பதுதானே முறை?

ஆனால் அந்தச் செங்கல்லும் பேரேட்டில் ஒரு பதிவுதான். 1943-ல் இந்த ஊரில் என்ன நடந்தது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலேயே ஒரு குழந்தைக்குச் சொல்லக்கூடிய பதிவு. கோபுரத்தின் வடிவத்துக்கு ஆயிரம் படங்கள் சாட்சி இருக்கின்றன. அந்த இரவுக்குச் சுவரில் இருந்த சாட்சி அது ஒன்றுதான். அதை மூடியது தேவையில்லாத வேலை என்றே சொல்ல வேண்டும். கல் பலமாக இருப்பதற்காக மாற்றுவது வேறு, பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று மாற்றுவது வேறு.

கிரெம்லினும் ஏலியனும்

இனி அந்த விண்வெளி வீரரின் உறவுக்காரர்களைப் பார்க்கலாம். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்காக மிருக முகத்தோடு நீட்டி வைக்கும் கல் தூம்புதான் கார்காயில். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி மடாலயச் சர்ச்சில் 1990-களில் 13 கார்காயில்களில் 12-ஐ மாற்ற வேண்டி வந்தது. புதியவற்றில் ஒன்று 'ஏலியன்' படத்து ஜந்துவைப் போலவே இருக்கிறது. பிரான்ஸில் நான்ட் நகருக்குப் பக்கத்தில் பெத்லகேம் சிற்றாலயம் என்று 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று. உச்சியில் இருந்த உருவங்கள் போய்விட்டதால் 1990-களில் ஜான்-லூயி புவாஸ்தெல் என்ற சிற்பி புதிதாகச் செதுக்கினார். என்ன செதுக்கினார்? கிரெம்லின், ஏலியன், ஜப்பானிய கார்ட்டூன் ரோபோ!

"சாமி இருக்கும் இடத்தில் சினிமா பொம்மையா?" என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இடைக்காலச் சிற்பிகளும் இதையேதான் செய்தார்கள். ஜபிக்கும் துறவியின் தலைக்கு மேல் நாக்கை நீட்டும் குரங்கு, பன்றி, பல்வலிக்காரன் என்று தங்கள் காலத்துப் பயத்தையும் கிண்டலையும் கல்லில் வைத்தார்கள். கிரெம்லினைச் செதுக்கியவர் அந்தக் கைகளின் நேர் வாரிசு. செயின்ட் ஆல்பன்ஸில் இடைக்காலம் மாதிரியே வேஷம் போட்ட 1880-களின் முகப்பைவிட இந்தக் கிரெம்லின் ஆயிரம் மடங்கு யோக்கியமானது. யாரையும் அது ஏமாற்றவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அசல் முற்றாகப் போய், அது எப்படி இருந்தது என்பதற்குச் சான்றும் இல்லாத இடத்தில்தான் இந்த உரிமை. அசல் பாதி இருக்கும்போது அதைத் தூக்கிவிட்டுக் கிரெம்லின் வைத்தால் அது கிரிம்தார்ப் வேலைதான்.

காசு யார் தருவது?

கொள்கை பேசுவது சுலபம். சாரம் கட்டவே பெரும் பணம் வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க் இதில் கெட்டிக்கார ஊர். கதீட்ரல் வேலையைக் கவனிக்கும் நிறுவனம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பக்தர்கள் எழுதி வைத்த வீடுகள், நிலங்கள், காடுகள் அதன் பெயரில் உள்ளன. வருகிற வருமானம் கல்தச்சர்களின் சம்பளத்துக்கு உதவுகிறது. வேலை நிற்காததால் தொழிலும் அழியவில்லை. இப்படிப்பட்ட கதீட்ரல் பட்டறைகளின் கைத்தொழில் மரபை ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து முன்வைத்து, 2020-ல் யுனெஸ்கோவும் நல்ல பாதுகாப்பு முறை என்று அங்கீகரித்தது.

பிரிட்டனில் கதை தலைகீழ். பழைய கட்டடத்தை ரிப்பேர் செய்தால் முழு விற்பனை வரி கட்ட வேண்டும். அதே கட்டடத்தில் அனுமதி வாங்கி மாறுதல் செய்தால் 2012 வரை வரி பூஜ்யம்! அதாவது, இருப்பதைக் காப்பவருக்கு அபராதம், மாற்றுபவருக்குச் சலுகை. 2012-ல் இந்த வித்தியாசத்தை எப்படி நீக்கினார்கள்? ரிப்பேர் வரியைக் குறைத்து அல்ல, மாறுதலுக்கும் வரி போட்டு! வழிபாட்டு இடங்களுக்கு ரிப்பேர் வரியை மானியமாகத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று 2001-ல் வந்தது. 2025-ல் அதற்கும் ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு கதீட்ரலின் சாரச் செலவுக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

சின்ன ஊர்ச் சர்ச்சில் சிமென்ட் மூட்டை உள்ளே வருவதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணம் இல்லை. சிமென்ட் மலிவு, அதைப் பூசத் தெரிந்த ஆள் எளிதில் கிடைப்பார். சுண்ணாம்புச் சாந்து தெரிந்தவரைத் தேட வேண்டும், கூலியும் அதிகம். ஆகவே பழைய கல்லைக் காப்பாற்ற நினைக்கும் அரசு முதலில் கை வைக்க வேண்டியது வரிச் சட்டத்தில்.

மறுபடி பாரிஸ்

2019 ஏப்ரல் 15. நோத்ர தாம் கூரை எரிந்து, கூர்கோபுரம் சரிந்து விழுந்ததை உலகமே டிவியில் பார்த்தது. அந்தக் கூர்கோபுரம் இடைக்காலத்தது என்று அழுதவர்கள் பலர். அது 1859-ல் வியோலே-லெ-டுக் வைத்தது. அதன் அடியில் நின்ற 16 செம்புச் சிலைகள் மட்டும் ரிப்பேருக்காக நான்கு நாள் முன்புதான் இறக்கப்பட்டிருந்தன. அவற்றில் புனித தோமாவின் முகம் வியோலே-லெ-டுக்கின் முகம். கட்டியவர் தப்பித்தார், கோபுரம் போயிற்று!

நவீன வடிவத்தில் புதுக் கூர்கோபுரம் வைக்கப் போட்டி நடத்தலாம் என்று முதலில் பேச்சு எழுந்தது. 2020-ல் பழையபடியே கட்டுவது என்று முடிவானது. 2024 டிசம்பரில் சர்ச் மறுபடி திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் போலி என்று திட்டப்பட்ட 19-ஆம் நூற்றாண்டு வேலை, இன்று அச்சு அசலாகத் திரும்பக் கட்ட வேண்டிய பாரம்பரியம் ஆகிவிட்டது. இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. வரைபடம், அளவு, புகைப்படம் எல்லாம் இருந்தன. ஊகிக்க வேண்டிய அவசியம் குறைவு. எரிந்தது எப்போது, கட்டியது எப்போது என்பது உலகத்துக்கே தெரியும்.

ஆனால் இன்னும் இருநூறு வருடம் கழித்து? அங்கே வரப்போகும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எது 13-ஆம் நூற்றாண்டுக் கல், எது 19, எது 21 என்று யார் சொல்வார்கள்? சாலமங்காவின் விண்வெளி வீரருக்கு முப்பது வருடம்தான் ஆகிறது. அதற்குள்ளேயே வேற்றுக்கிரகக் கதை கட்டிவிட்டார்கள்! செதுக்கும்போதே தேதி தெரியும்படி செதுக்கியதற்கே இந்த கதி என்றால், தேதி தெரியாமல் செதுக்கியதற்கு என்ன கதி?

ஆகவே ஒவ்வொரு சீரமைப்பிலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கழற்றிய அசல் கல் எங்கே இருக்கிறது? பக்கத்தில் போய்ப் பார்த்தால் புதுசையும் பழசையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா? எது எந்த வருடம் மாற்றப்பட்டது என்ற விவரம் யார் கேட்டாலும் கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் உளியை எடுக்கட்டும். கல்லின் ஓரத்தில் வருடத்தைப் பொறிக்க ஒரு மணி நேரம் ஆகுமா? வாசலில் ஒரு பலகை மாட்ட எவ்வளவு செலவாகும்? கோடிக்கணக்கில் செலவு செய்து கல்லை மாற்றுபவர்கள் இந்தச் சில்லறை வேலையைச் செய்யாமல் விட்டால், வருபவர்கள் பார்ப்பது யாருடைய கைவேலை என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.